மாஸ தெகக்

என் கணவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த அன்றுதான், நான் சாகப்போகிறேனோ என்ற பயம் முதன்முதலாக வந்தது.

கல்யாணமாகி இருபத்தேழு வருடம். அதில் ஒரு நாள்கூட அலோசியஸ் அடுப்புப் பக்கம் வந்தவரில்லை. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறிக்கு அவர்தான் டிரைவர். லொறியில் எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், வீட்டில் சீனி டப்பா எங்கே இருக்கிறது என்று கண்ணைத் திறந்துகொண்டும் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர் விடிகாலையில் கோப்பையும் கையுமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எந்திரிக்காத இசபெல்லு, படுத்துக்கிட்டே குடி" என்றார். வடிகட்டவே இல்லை. பாதி தேயிலைத் தூள், பாதி தண்ணீர். வேறு நாளாக இருந்தால் ஒரு மணி நேரம் சொல்லிக் காட்டியிருப்பேன். அன்றைக்குத் தூளைப் பல்லில் அரித்து அரித்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

அதற்கு முதல் நாள்தான் ஹட்டனுக்குப் போய் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தோம்.

எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை என்னிடம்தான் விட்டுப் போவார்கள். பதினான்கு பிள்ளைகள். எங்கள் லயத்து வீட்டிலிருந்து அங்கே போக நூற்றுப் பத்துப் படி ஏற வேண்டும். ஓகஸ்ட் மாதத்திலிருந்தே பாதிப் படியில் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியிருந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும்போதே கண் இருட்டியது. பிள்ளையைக் கீழே போடாமல் எப்படியோ வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். டிஸ்பென்சரியில் இருக்கும் ஐயா குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இத இங்க வச்சுப் பாக்க முடியாது" என்று துண்டு எழுதிக் கொடுத்தார். அதோடு ஹட்டனில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போனோம்.

அங்கே ஒரு சின்ன வயது டொக்டர், ஒரு நர்ஸ். இருவரும் சிங்களவர்கள், இருவர் வாயிலும் மாஸ்க். என்னை இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். அலோசியஸ் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றார். முதலில் படத்தைக் காட்டும் பெட்டி என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரித்தான் இருந்தது. சாம்பல் நிறத்தில் என்னவோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. பிறகு டொக்டர் ஒரே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். கை எடுக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். பெட்டியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். நல்ல செய்தியாக இருந்தால் யாராவது திருப்புவார்களா?

அவர்கள் மெல்லப் பேசிக்கொண்டார்கள். என்னுடைய சிங்களம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் அளவுக்குத்தான். மாஸ்குக்குள்ளிருந்து வந்ததில் 'தெகக்' என்ற ஒன்று மட்டும் எனக்குப் பிடிபட்டது. தெகக் என்றால் இரண்டு. என்ன இரண்டு என்று தெரியவில்லை.

அலோசியஸுக்குத் தெரியாமல் போகாது. அவர் சிங்களம் பேசினால் சிங்களவர்களே ஊர் எது என்று கேட்பார்கள். நாவலப்பிட்டியிலும் கினிகத்தேனையிலும் லொறி ஓட்டிப் பழகிய சிங்களம் அது, அதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. நான் பசையைத் துடைத்துக்கொண்டு திரைக்கு வெளியே வந்தபோது என் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, பயம் வேணாம். கண்டி போக வேணும். பெரிய டொக்டர் பாப்பாங்க" என்று சொல்லி, ரிப்போர்ட்டை உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தார். நவம்பர் பதினோராம் தேதிக்குத்தான் கண்டியில் இடம் கிடைத்தது. அதற்கு இன்னும் நாலு வாரம் இருந்தது.

"உள்ள என்னா பேசிக்கிட்டாங்க?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"ஒன்னும் பேசல."

"தெகக் தெகக்குன்னு காதுல விழுந்துச்சே."

"அதுவா? ரெண்டு நாளைக்கு மருந்து குடிக்கணுமாம்."

மருந்தென்று யாரும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. பஸ் ஏறுவதற்கு முன் அவர் வாங்கித் தந்தது அரைக் கிலோ திராட்சை. எங்கள் பக்கத்தில் திராட்சை வாங்குவது ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்குத்தான். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் ஒரு பழம்கூடச் சாப்பிடாமல் வந்தேன்.

அடுத்த நாள் தேத்தண்ணி. அதற்கடுத்த நாள் விறகு பிளந்தார். பீலியிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தார். "என்னா சாப்பிடணும் போல இருக்கு?" என்று கேட்டார். கொழும்பில் கடையில் வேலை செய்யும் எங்கள் மகன் ஜெரோஷன், மாதத்துக்கு இரண்டு தரம் போன் எடுப்பதே பெரிய காரியம், அவன் தினமும் எடுக்க ஆரம்பித்தான். "சும்மாதாம்மா எடுத்தேன்" என்பான். பிறகு ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பான்.

பக்கத்துக் காம்பரா ஜீவராணி தீபாவளி முறுக்கு கொண்டு வந்தவள், அலோசியஸ் வாசலில் குந்தி என் புடவையை அலசிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"அக்கா, அண்ணன் தங்கமா மாறிட்டாரே. எங்க வீட்டு மனுசனயும் கூட்டிக்கிட்டுப் போயி அந்த ஸ்கேன எடுக்கணும்" என்றாள்.

"ஸ்கேன் எனக்குத்தான்டி எடுத்தாங்க" என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்பாக இருப்பதைப் பார்த்துப் பயந்து நடுங்கிய பெண்பிள்ளை இந்த மலைநாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த உறையை எங்கே வைத்தார் என்று தேடினேன். அலுமாரிக்கு மேலே, மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. நான் ஓ.எல். பரீட்சை இரண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணியவள், இங்கிலீசை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். முழுக்க வாய்க்குள் நுழையாத சொற்கள். நடுவில் ஒரு வரியில் மட்டும் எனக்குத் தெரிந்த ஒரு சொல் இருந்தது. மாஸஸ். அதற்குப் பக்கத்தில் இரண்டு என்று எண். அதற்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எனக்குத் தெரிந்த மாஸ் ஒன்றே ஒன்றுதான். டவுன் கோயில் போர்டில் 'ஹோலி மாஸ்' என்று எழுதி நேரம் போட்டிருப்பார்கள், அதாவது பூசை. நெஞ்சு ஸ்கேனில் பூசைக்கு என்ன வேலை என்று என் புத்திக்கே தெரிந்தது. ஆனாலும் மனது கேட்கவில்லை. இரண்டு பூசை என்றால் ஒன்று அடக்கப் பூசை, இன்னொன்று முப்பதாம் நாள் பூசை என்று அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. அந்தச் சொல்லை போனில் அடித்துத் தமிழில் என்ன என்று கேட்டேன். 'நிறை' என்று வந்தது. நிறைதானே, குறை இல்லையே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பைத்தியக்காரி. அதற்கு மேல் தேடக் கை வரவில்லை. தெரிந்துகொள்ளாத வரைக்கும் அது இல்லை என்று ஒரு நம்பிக்கை.

ஆனால் எத்தனை நாளைக்கு? அவர் வாயிலிருந்து உண்மையை வரவழைக்க ஒரு வழி யோசித்தேன். சண்டை பிடித்துப் பார்ப்பது. எங்கள் வீட்டில் சண்டைக்கு எப்போதும் தவறாத ஒரு மருந்து இருக்கிறது, என் மாமியார். செத்துப் பதினாறு வருடம் ஆன பிறகும் அவரைப் பற்றி நான் அரைச் சொல் சொன்னால் அலோசியஸ் சட்டியைத் தூக்கி எறிவார்.

ஒரு சாயங்காலம் வேண்டுமென்றே ஆரம்பித்தேன். "ஒங்கம்மா என்னைய என்னா பாடு படுத்துனாங்க. பதினோரு வருசம். பிள்ளைப் பெத்த மூனாம் நாளு என்னையத் தண்ணி தூக்க விட்டாங்களே, மனுசியா அவங்க?"

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். சட்டி பறக்கப்போகிறது, அப்பாடா, என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அது தப்புத்தான் இசபெல்லு" என்றார். "நான் அப்பவே கேட்டிருக்கணும்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தேழு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். அது கிடைத்த நேரத்தில், ஐயோ இதைக் கேட்காமலே இருந்திருக்கலாமே என்று இருந்தது.

பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி. எங்கள் தோட்டத்து மயானம் ஐந்தாம் நம்பர் மலையின் அடியில் இருக்கிறது. அதற்கு முந்திய வாரமே அவரவர் வீட்டுக் கல்லறையைப் போய்ப் புல் வெட்டிச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். ஒவ்வொரு வருடமும் நாங்கள் இருவரும் போவோம், புல் வெட்டுவது நான், பீடி குடிப்பது அவர். இந்த முறை, "நீ ஏறி எறங்கக் கூடாது, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லித் தனியாகப் போனார். ஒரு நாள் இல்லை, நாலு சாயங்காலம். ஒரு கல்லறைக்கு எதற்கு நாலு சாயங்காலம் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

திருநாள் அன்றும் என்னை வர வேண்டாம் என்றார். மழை வரும் என்றார், வழுக்கும் என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். மூன்று மணிக்குச் சாமியார் வந்து மந்திரிப்பார், அதற்குள் மெழுகுதிரி ஏற்ற வேண்டும். அவர் பின்னால் வந்தார்.

மாமியார் கல்லறை வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்கு வலது பக்கத்தில் போன வருடம் இடுப்பளவு மானாப்புல் இருந்த இடம். இப்போது புல் இல்லை. வேரோடு பிடுங்கி, கல் பொறுக்கி, மண்ணைச் சமன்படுத்தி, நாலு மூலையிலும் குச்சி அடித்து வைத்திருந்தது. புது மண்ணில் அவருடைய செருப்புத் தடம்கூட அழியாமல் இருந்தது.

நான் அதை ஒரு தரம்தான் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. கையில் இருந்த மெழுகுதிரி சாய்ந்து விரலைச் சுட்டது. சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். மாமியாருக்குத் தெளித்ததில் நாலைந்து சொட்டு அந்த வெறும் மண்ணிலும் விழுந்தது. என் மேலேயே விழுந்த மாதிரி உடம்பு சிலிர்த்தது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பயத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பதினோரு வருடம் ஒரே காம்பராவில் அந்த அம்மாளோடு கிடந்தது போதாதென்று, செத்த பிறகும் அவர் பக்கத்திலேயே படுக்கவா? பயம் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தேன். இந்த அரிசிப் பை தீரும்போது நான் இருப்பேனா என்று ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவுதான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக் கூடாது என்று முடிவு செய்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த மனிதர் மூன்று வாரமாகப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு, நான் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் காட்டிச் சிரிக்கப் பாடுபடுகிறார். அதைப் பறித்துவிட்டால் அவர் கையில் ஒன்றுமே இருக்காது என்று தோன்றியது.

ஒன்பது நாள் அப்படி ஓடியது. நான் அவருடைய ஆறு சட்டைகளுக்கும் பொத்தான் பார்த்துத் தைத்தேன். மிளகாய்த்தூள், மஞ்சள், சீனி என்று டப்பா ஒவ்வொன்றிலும் துண்டு எழுதி ஒட்டினேன். "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார். "நீங்கதானே இப்ப சமையக்காரரு" என்றேன். சிரித்தார், நானும் சிரித்தேன். பிள்ளைக்காம்பராவில் ஒரு கொப்பி போட்டு, எந்தப் பிள்ளை எப்படித் தட்டினால் தூங்கும், எதற்கு எந்தப் பால் சேராது என்று எழுதி வைத்தேன். அடுத்து வருகிறவளுக்கு ஒன்றும் தெரியாதே. பதினான்காவது பிள்ளையைப் பற்றி எழுதும்போது எழுத்து தெரியவில்லை, கண் மறைத்துக்கொண்டது.

பதினோராம் தேதி முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். வெறும் வயிறு, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பெரிய டொக்டர் என்றால் நரைத்த தலையோடு ஓர் ஆள் இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒரு பெண்பிள்ளை. நாற்பது வயது இருக்கும். தமிழ், யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"வாங்கோ அம்மா. தொண்டைக்குள்ளால ஒரு குழாய் விட்டுப் பாக்கப் போறம். இதயத்துக்குப் பின்பக்கமா நிண்டு பாத்தா வடிவாத் தெரியும். கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

வாய்க்குள் கசப்பாக ஒரு மருந்தை அடித்தார்கள். நாக்கும் தொண்டையும் மரத்துப் போயின. பிறகு அந்தக் குழாய். விழுங்குங்கோ, விழுங்குங்கோ என்று நர்ஸ் முதுகைத் தடவினாள். ஓங்கரித்துக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர் ஓடியது. அருள்நிறைந்த மரியே சொல்லப் பார்த்தேன், பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். டொக்டர் அசையாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் ஒரே இடத்தில்தான் பார்க்கிறார். இவரும் திருப்பித் திருப்பி அங்கேயே வருகிறார். எனக்கு ஜெரோஷனின் முகம் மட்டும் ஞாபகத்தில் நின்றது, நாலு வயதில் இருந்த முகம்.

குழாயை எடுத்த பிறகு அலோசியஸை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நான் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் இருந்தேன்.

"கட்டி ஒண்டும் இல்லை" என்றார் டொக்டர்.

எங்கள் இருவருக்கும் அது விளங்கவில்லை. அவர் பெட்டியை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இஞ்ச பாருங்கோ. இதயத்தின்ர வலப்பக்க மேல் அறை இது. இதுக்குள்ள ஒரு தசை வரம்பு மாதிரி ஓடுது, எல்லாருக்கும் இருக்கு, உங்களுக்குக் கொஞ்சம் தடிப்பு. குறுக்குவாட்டிலை பாத்தா உருண்டையாக் கட்டி மாதிரித் தெரியும். நெடுக்கா இப்பிடித் திருப்பிப் பாத்தா வெறும் வரம்பு. மற்றது, இந்தா ஆடுது, சின்னச் சவ்வு. தாயின்ர வயித்துக்குள்ள இருக்கேக்க நல்ல இரத்தத்துக்கு வழி காட்டி விடுறதுக்கு இருந்தது. பிறந்தாப் பிறகு அதுக்கு வேலை இல்லை. கனபேருக்குச் சுருங்கிப் போகும், உங்களுக்கு அப்பிடியே கிடக்கு. அது ஒரு வருத்தமில்லை. படபடப்புக்கு இரத்தம் குறைஞ்சு போனதுதான் காரணம், இரும்புச் சத்துக் குளிசை தாறன்."

நெஞ்சுக்கு மேலே வைத்துப் பார்க்கும்போது இவை இரண்டையும் கட்டி என்று நினைப்பது நடக்கிற விஷயம்தான் என்றும், ஹட்டன் டொக்டர் கேள்விக்குறி போட்டு, சந்தேகம் என்றுதான் அனுப்பியிருக்கிறார் என்றும் சொன்னார். அந்தக் கேள்விக்குறியை நானும்தான் பார்த்தேன். இரண்டைப் பார்த்த கண் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

அலோசியஸ் இன்னும் கதிரை நுனியிலேயே இருந்தார். "அப்ப அந்த ரெண்டு மாசம்?" என்றார்.

"என்ன ரெண்டு மாதம்?"

"இவளுக்கு ரெண்டு மாசம்தான் இருக்குன்னு சொன்னாங்களே."

"ஆர் சொன்னது?"

"ஹட்டன்ல டொக்டரு. நர்சுக்கிட்ட சொன்னாரு. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னேன், என் காதால கேட்டேன். 'மாஸ தெகக் தியெனவா'ன்னாரு. எனக்குச் சிங்களம் நல்லாத் தெரியும்ங்க."

டொக்டர் அந்த மூன்று சொல்லையும் தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அலோசியஸைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயா, 'மாஸ தெகக்' எண்டா ரெண்டு மாதம், சரிதான். ஆனா அவர் சொன்னது மாஸ் தெகக். மாஸ் எண்டா இங்கிலீசிலை கட்டி. ரெண்டு கட்டி மாதிரி இருக்கு எண்டு சொல்லியிருக்கிறார். மாதம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல."

அலோசியஸ் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அந்த அறையிலேயே, நர்ஸ் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, சத்தம் போட்டு அழுதார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை, அவர் அம்மா செத்தபோதுகூட. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நாக்கு மரத்துக் கிடந்தது, எச்சில்தான் வழிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் என் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே வந்தேன். சாகமாட்டேன் என்று சொன்ன பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை. ஒரு மாதமாக உள்ளே உட்கார்ந்திருந்த பயம், சொன்னவுடனே எழுந்து போய்விடுமா? நாவலப்பிட்டியில் பஸ் நின்றபோது நாக்குக்கு உணர்வு வந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ ரெண்டு மாசத்தையும் அழுதே தீத்திருப்ப. அழுவுறதுக்கு ஒரு ஆளு போதும்னு நெனைச்சேன்."

"மகங்கிட்ட சொன்னீங்களா?"

"ம். அவனையும் அழ வச்சதுதான் மிச்சம்."

மலை ஏற ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே மழை. அவர் பக்கம் திரும்பாமலே சொன்னேன். "எனக்குத் தெரியும். கல்லறைத் திருநாளன்னைக்கே தெரியும்."

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். கழுத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாகத் தடவிக்கொண்டு வந்தார். கடைசிப் பொத்தானில் அவர் விரல் நின்றது.

"தெரிஞ்சுகிட்டா இதையெல்லாம் தச்ச?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

நான் தலையாட்டினேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள், எங்கள் தோட்டத்து ஆட்களும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, அடக்கி வைத்திருந்த கோபமும் அப்போதுதான் மேலே வந்தது.

"எல்லாம் சரி" என்றேன். "போயும் போயும் என்னைய ஒங்கம்மா பக்கத்துலயா போடப் பாத்தீங்க? செத்த பொறவும் தண்ணி தூக்கச் சொல்லி ஏவுறதுக்கா?"

"உனக்கு மட்டும்னு யாரு சொன்னா?" என்றார் அவர். "நீ சரியாப் பாக்கல இசபெல்லு. நான் வெட்டுனது ரெண்டு ஆளுக்கான எடம். நாலு நாளு எதுக்கு ஆச்சுன்னு நெனைச்ச? நீ போயிட்டா நான் மட்டும் வேற எங்க போயிப் படுக்கிறது?"

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே, வீட்டில் கட்டிலைத் திருப்பிப் போடுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

"எங்கம்மா பக்கத்துல நான் படுத்துக்குவேன். நீ அந்தப் பக்கம்."